முதல் வெளிநாட்டுக் கச்சேரிக்குக் கிளம்பும் இசைக்குழுவுக்கு

தூர தேசத்து விழா ஒன்றிலிருந்து அழைப்பு வந்ததும் பெரும்பாலான பேண்டுகளில் முதலில் நடப்பது, எந்தப் பாட்டை வாசிப்பது என்ற சண்டைதான். அதைக் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடலாம். முதல் பயணத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் மேடைக்கு வெளியே நடப்பவை: விசா வரவில்லை, ஆம்ப் சுங்கத்தில் நின்றுவிட்டது, கீபோர்டு அடாப்டர் புகைந்துவிட்டது, பேசிய தொகையில் மூன்றில் ஒரு பங்கு வரியாகப் போய்விட்டது. இவை எல்லாமே கிளம்புவதற்கு முன்பே தடுக்கக்கூடியவை. கச்சேரித் தேதிக்கு ஆறு மாதம் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டால் நிதானமாகச் செய்யலாம். மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் கொஞ்சம் ஓட வேண்டியிருக்கும். ஆறு வாரத்துக்குள் என்றால், பல நாடுகளுக்கு “அடுத்த வருஷம் வருகிறோம்” என்று பதில் போடுவதே மரியாதை.

கீழே உள்ளதை வரிசையாகச் செய்துவந்தால் போதும். இடையில் எங்கே குழப்பம் வந்தாலும், எடுத்துப் போகும் பொருளைக் குறையுங்கள். பொருள் குறையக் குறைய காகிதமும் குறையும்.

அழைப்பையும் ஒப்பந்தத்தையும் பாருங்கள்

அழைப்பவர் யார் என்று முதலில் விசாரியுங்கள். போன வருடம் அதே விழாவில் வாசித்த குழு ஒன்றைத் தேடிப்பிடித்து இரண்டு கேள்வி கேட்டால் போதும்: பணம் சொன்ன நாளில் வந்ததா? மேடையில் கேட்ட சாமான் இருந்ததா? “விமான டிக்கெட், ஹோட்டல், நல்ல சம்பளம் எல்லாம் எங்கள் பொறுப்பு, வேலை அனுமதிக் கட்டணத்தை மட்டும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்” என்று யாராவது எழுதினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கலைஞர்களைக் குறிவைத்து நடக்கும் பழைய மோசடி அது.

அழைப்பு உண்மையானது என்று தெரிந்தபின் ஒப்பந்தம். தொகை எவ்வளவு என்பதை எல்லோரும் கேட்பார்கள். அது வரிக்கு முன்பா பின்பா என்பதைப் பலர் கேட்பதில்லை. ஏன் கேட்க வேண்டும் என்பது வரியைப் பற்றிய பகுதியில் வரும். எந்த நாணயத்தில், எந்தத் தேதியில், முன்பணம் எவ்வளவு, வங்கிக் கட்டணம் யார் கணக்கில் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். விமானக் கட்டணம் அவர்களுடையது என்றால் கூடுதல் லக்கேஜ் கட்டணமும் அதில் சேர்ந்ததா என்று தனியாகக் கேளுங்கள். டிரம்ஸ் வாசிப்பவர் இருக்கும் குழுவுக்கு இது சின்னத் தொகை இல்லை. நிகழ்ச்சியைப் பதிவு செய்வார்களா, நேரலையில் விடுவார்களா, அதன் உரிமை யாருக்கு என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். மேடை ஏறும் நேரத்தில் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் யாருக்கும் மறுக்க மனம் வராது.

விசா

சுற்றுலா விசாவில் போய் “சும்மா நண்பர்களோடு வாசிக்கிறோம்” என்று சொல்லிக்கொள்ளலாம் என யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் பெயர், படம், தேதி, டிக்கெட் விலை எல்லாம் போட்ட போஸ்டர் இணையத்தில் இருக்கிறது. குடிவரவு அதிகாரி அதைத் தேடிப் பார்க்க அரை நிமிஷம் போதும். திருப்பி அனுப்பப்பட்டால் அந்தப் பதிவு அடுத்தடுத்த விசா விண்ணப்பங்களிலும் பின்னால் வரும்.

நாட்டுக்கு நாடு விதி வேறு. அமெரிக்காவுக்குப் போகும் பேண்டுகள் பெரும்பாலும் நாடுவது பி-1பி விசா. உலக அளவில் அறியப்பட்ட குழுக்களுக்கானது இது. இதற்கு நீங்களாக மனுப் போட முடியாது. அங்கே இருக்கும் ஒரு ஏற்பாட்டாளரோ ஏஜெண்டோ ஐ-129 என்ற படிவத்தில் உங்களுக்காக மனுப் போட வேண்டும். துறைசார்ந்த தொழிற்சங்கத்தின் கருத்துக் கடிதமும் அதோடு போக வேண்டும். மனு ஏற்கப்பட்ட பிறகுதான் தூதரக நேர்காணல். குழுவில் குறைந்தது 75 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்கு மேலாக அந்தக் குழுவோடு இருந்திருக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை உண்டு. நால்வர் குழுவில் இரண்டு பேர் புதியவர்கள் என்றால் கணக்கு அங்கேயே இடித்துவிடும். ஒலிப் பொறியாளர் போன்ற உடன் வரும் ஆட்களுக்குத் தனி வகை இருக்கிறது. அவர்களையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேருங்கள்.

பிரிட்டனில் உரிமம் பெற்ற ஒரு ஸ்பான்சர் உங்களுக்குச் சான்று கொடுப்பது வழக்கமான பாதை. ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில் 180 நாளில் 90 நாள் தங்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆனால் தங்குவதற்கான அனுமதியும் காசு வாங்கிக்கொண்டு வாசிப்பதற்கான அனுமதியும் வேறு வேறு. இரண்டாவதை ஒவ்வொரு நாடும் தனித்தனியாக முடிவு செய்கிறது. ஐந்து நாட்டில் ஐந்து கச்சேரி என்றால் ஐந்து ஏற்பாட்டாளர்களிடமும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பாஸ்போர்ட் பயண முடிவுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்ல வேண்டும் என்று பல நாடுகள் எதிர்பார்க்கின்றன. இன்றைக்கே எல்லோருடையதையும் எடுத்துப் பாருங்கள். அழைப்புக் கடிதம், டிக்கெட், ஒப்பந்தம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். மேடைப் பெயர் போஸ்டரோடு நிற்கட்டும்.

எதை எடுத்துப் போவது

எதற்குக் கை பழகியிருக்கிறதோ அதை மட்டும் எடுத்துப் போங்கள். கிடார், அதன் ஒலியை மாற்றும் பெடல்கள் பதித்த பலகை, டிரம்மருக்கு ஸ்னேரும் சிம்பல்களும் பெடலும், பாடகருக்குப் பழகிய மைக், காற்று வாத்தியக்காரருக்கு அவருடைய வாத்தியம். ஆம்ப், டிரம் செட்டின் மீதி, கீபோர்டு ஸ்டாண்டு, பெரிய கீபோர்டு இதையெல்லாம் அங்கேயே வாடகைக்குக் கேளுங்கள். பேக்லைன் என்று சொன்னால் ஏற்பாட்டாளருக்குப் புரியும். உங்கள் மாடலே கிடைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், எது கட்டாயம் வேண்டாம் என்று மூன்று நிலையில் எழுதிக் கொடுங்கள். கீபோர்டுக்காரர் தன் ஒலிகளையும் அமைப்புகளையும் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளட்டும். அதே மாடல் கிடைத்தாலும் மென்பொருள் பதிப்பு வேறாக இருக்கலாம் என்பதால் முக்கியமான ஒலிகளுக்கு மடிக்கணினியில் ஒரு மாற்று இருப்பது நல்லது.

எடுத்துப் போகும் பொருளுக்குச் சுங்கத்தில் காட்ட ஆவணம் வேண்டும். பெரும்பாலான குழுக்கள் பயன்படுத்துவது ஏ.டி.ஏ. கார்னே. 1961-இல் பிரஸ்ஸல்ஸில் கையெழுத்தான சர்வதேச உடன்படிக்கையின்படி வந்தது. தொழில்முறைச் சாதனங்களை இறக்குமதி வரி கட்டாமல் தற்காலிகமாக உள்ளே கொண்டுபோய்த் திரும்ப வெளியே கொண்டுவர இது உதவும். ஒரு வருடம் வரை செல்லும். ஏறத்தாழ 80 நாடுகளும் சுங்கப் பகுதிகளும் இதை ஏற்கின்றன. அந்தந்த நாட்டின் வர்த்தக சபை மூலம், ஒரு பிணைத்தொகையோ உத்தரவாதமோ கொடுத்து வாங்க வேண்டும்.

இதில் உயிர்நாடி பொதுப் பட்டியல்தான். “கிடார் 2, கேபிள் ஒரு பெட்டி” என்று எழுதினால் வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு பொருளுக்கும் வரிசை எண், பெயர், தயாரிப்பாளர், மாடல், சீரியல் எண், எடை, மதிப்பு, எந்த நாட்டில் செய்தது என்று ஒரு வரி வேண்டும். ஒரு மாலை எல்லாவற்றையும் தரையில் பரப்பிவைத்து, சீரியல் எண்களை டார்ச் அடித்துப் பார்த்து எழுதுங்கள். பெடல்களின் எண் அடித்தட்டில் ஒட்டிய வெல்க்ரோவுக்குக் கீழே ஒளிந்திருக்கும். கிடாருக்குத் தலைப்பகுதியின் பின்புறமோ உள்ளே ஒட்டிய லேபிளிலோ இருக்கும். எண்ணே இல்லாத பொருளுக்கு நீங்களே ஒரு எண் ஒட்டி அதையே பட்டியலில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, எந்தப் பெட்டியில் எது என்ற தனித் தாளும் வைத்துக்கொண்டால், அதிகாரி “பதினேழாம் எண்ணைக் காட்டுங்கள்” என்று கேட்கும்போது ஏழு பெட்டியையும் திறந்து கொட்ட வேண்டியிருக்காது. கார்னே கைக்கு வந்த பிறகு பட்டியலில் ஒரு பொருளைக்கூடச் சேர்க்க முடியாது. கடைசி நாள் ஆசைப்பட்டு வாங்கிய பெடலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

விமான நிலையத்தில் நடக்க வேண்டியது நான்கு முத்திரை: உங்கள் நாட்டை விட்டு வெளியேறும்போது ஒன்று, அங்கே நுழையும்போது ஒன்று, அங்கிருந்து கிளம்பும்போது ஒன்று, திரும்பி வரும்போது ஒன்று. முதலும் கடைசியும் மஞ்சள் தாள், நடுவில் உள்ள இரண்டும் வெள்ளைத் தாள். வழியில் சுங்க எல்லை கடந்து போனால் நீலத் தாள். அதிகாரி தன் பகுதியைக் கிழித்துக்கொள்வார், அடிக்கட்டையில் முத்திரை குத்துவார். அடிக்கட்டையில் முத்திரை விழுந்ததா என்று கவுண்டரை விட்டு நகருவதற்கு முன் நீங்களே பாருங்கள். பெட்டிகளை விமானத்துக்குக் கொடுத்துவிட்ட பிறகு சுங்கத்துக்குப் போனால் காட்டப் பொருள் இருக்காது. அதனால் செக்-இன் வரிசைக்கு முன் சுங்கக் கவுண்டர். மூன்றாவது முத்திரையைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். கடைசி இரவுக் கச்சேரி முடிந்து அதிகாலை விமானத்துக்கு ஓடும்போது சுங்கக் கவுண்டர் பூட்டிக் கிடக்கும், “பரவாயில்லை” என்று போய்விடுவார்கள். பொருள் அந்த நாட்டிலேயே தங்கிவிட்டது என்றுதான் காகிதம் சொல்லும். பல மாதம் கழித்து இறக்குமதி வரியும் அதற்குமேல் 10 சதவீதம் வரையும் கேட்டு ஓலை வரும். அந்தக் கவுண்டர் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை விமான டிக்கெட் போடும்போதே விசாரியுங்கள்.

கை லக்கேஜில் அடங்கும் ஒரு வயலினுக்கும் இரண்டு மைக்குக்கும் இவ்வளவு தேவையா? பல நாடுகளில் பயணியோடு வரும் சொந்த வாத்தியத்தைச் சாதாரணமாகவே விட்டுவிடுவார்கள். போகும் நாட்டின் சுங்க இணையதளத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கார்னே இல்லாமல் போனாலும் பட்டியலை எழுதி உங்கள் ஊர் சுங்கத்தில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது “இது புதிதாக வாங்கியதா?” என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும்.

இன்னொரு ஆபத்து வாத்தியத்தின் உடம்பிலேயே இருக்கலாம். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை மரத்துக்கும் பொருந்தும். ரோஸ்வுட் வகைகள் முழுவதும் 2017 ஜனவரியில் கட்டுப்பாட்டுக்குள் வந்து உலகமெங்கும் இசைக்கலைஞர்கள் தவித்தார்கள். 2019 நவம்பர் முதல் முழுமையாகச் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது. ஆனால் பிரேசில் ரோஸ்வுட் மட்டும் 1992 முதல் கடுமையான முதல் பட்டியலிலேயே இருக்கிறது, விலக்கும் இல்லை. பழைய கிடார்களில் பின்பலகையும் பக்கப்பலகையும் அந்த மரமாக இருக்கலாம். பழைய வயலின் வில்லின் நுனியிலும் பியானோக் கட்டையிலும் யானைத் தந்தம் இருக்கலாம், அலங்காரப் பதிப்பில் ஆமை ஓடு இருக்கலாம். அப்படிப்பட்ட வாத்தியத்துக்கு மூன்று வருடம் செல்லும் வாத்தியச் சான்றிதழ் ஒன்று உண்டு. ஆனாலும் முதல் பயணத்துக்கு என் யோசனை, தாத்தா காலத்து கிடாரை வீட்டில் வைத்துவிட்டுப் புதிய கிடாரோடு போவதுதான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் தோல் வாத்தியத்தையும் பதப்படுத்தாத மரத்தையும் வருகைச் சீட்டில் கட்டாயம் அறிவிக்க வேண்டும். முடியோ மண்ணோ ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அறிவித்தால் சோதனையோடு முடியும், மறைத்தால் அபராதம்.

மின்சாரமும் வயர்லெஸ்ஸும்

பிளக்கின் கால் பொருந்தினால் போதும் என்ற நினைப்பில்தான் பல கருவிகள் செத்துப்போகின்றன. பிளக் மாற்றி வடிவத்தை மட்டும் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. ஐரோப்பாவும் ஆசியாவின் பெரும்பகுதியும் 230 வோல்ட் சுற்றில், 50 ஹெர்ட்ஸ். வட அமெரிக்கா 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பான் 100 வோல்ட், அதிலும் கிழக்குப் பகுதி 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பகுதி 60 ஹெர்ட்ஸ்.

ஒவ்வொரு அடாப்டரின் முதுகையும் திருப்பிப் பாருங்கள். “இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்” என்று இருந்தால் பிளக் மாற்றியே போதும். மடிக்கணினி, கைபேசி, புதிய பெடல் மின்வழங்கிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். “230 வோல்ட்” என்று மட்டும் இருந்தால் டிரான்ஸ்பார்மர் வேண்டும், அல்லது அந்த ஊரில் வேறு அடாப்டர் வாங்க வேண்டும். பெடலுக்கு வாங்கும்போது வோல்டேஜோடு முனையையும் பாருங்கள். நடுமுனை நெகட்டிவ் என்பது பெடல்களில் வழக்கம், மற்றக் கருவிகளில் பெரும்பாலும் தலைகீழ்.

வோல்டேஜைச் சரிசெய்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது. பழைய ஹேமண்ட் ஆர்கன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உள்ளே சுழலும் சக்கரங்களை ஓட்டும் மோட்டார், மின்சாரத்தின் அலைவெண்ணுக்கு ஏற்ப ஓடுவது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் வரும், சுருதி ஏறக்குறைய மூன்று அரைசுரம் இறங்கிவிடும். உங்களிடம் ஹேமண்ட் இல்லாமல் இருக்கலாம். காந்தநாடாவை மோட்டாரால் சுழற்றி எதிரொலி தரும் பழைய டேப் எக்கோ இருந்தால் அதற்கும் இதே கதி வரலாம்.

வயர்லெஸ் மைக்கும், மேடையில் தன் ஒலியைக் காதிலேயே கேட்க உதவும் இன்-இயரும் இன்னும் சிக்கல். ஒரு நாட்டில் சட்டப்படி ஓடும் அலைவரிசை இன்னொரு நாட்டில் கைபேசி நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருக்கும். அமெரிக்காவில் 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதியில் வயர்லெஸ் மைக்குகள் 2020 ஜூலை 13 முதல் தடை. சில நாடுகளில் பயன்படுத்த உரிமமும் வேண்டும். முதல் பயணத்தில் வயர்லெஸ்ஸை அங்கேயே வாடகைக்கு எடுங்கள். அப்போது அலைவரிசையும் உரிமமும் அவர்கள் தலைவலி. உங்கள் காதுக்கு வார்த்த இயர்போனை மட்டும் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் கேபிள் போட்டுப் பாடுங்கள். கேபிளுக்கு எந்த நாட்டிலும் அனுமதி தேவையில்லை.

விமானத்தில்

லித்தியம் பேட்டரி உதிரியாக இருந்தால் கைப்பையில் மட்டும்தான், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட்-அவர் வரை சிக்கலில்லை. 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், இரண்டுக்கு மேல் ஆகாது. கணக்கு எளிது: வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்குங்கள். 3.7 வோல்ட்டில் 20,000 மில்லி ஆம்பியர்-அவர் பவர்பேங்க் 74 வாட்-அவர்.

கிடாரைப் பெட்டியில் வைக்கும் முன் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள், முழுக்க அவிழ்க்க வேண்டாம். உடைவது பெரும்பாலும் கழுத்தும் தலையும் சேரும் இடம். பெட்டிக்குள் தலைக்கு முன்னும் பின்னும் மடித்த டி-ஷர்ட் வைத்து, ஆட்டினால் தலை அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்ஜ், டெயில்பீஸ் போன்ற தளரும் பாகங்கள் உருண்டு அடிக்காதபடி அடைத்துவிடுங்கள். அங்கே போய் இறங்கியதும் பெட்டியை உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த மரம் அறையின் வெப்பத்துக்கு வர சில மணி நேரம் மூடிய பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

அமெரிக்க விமான நிறுவனங்களின் விமானங்களில் சின்ன வாத்தியத்தைக் கை லக்கேஜாக ஏற்ற வேண்டும் என்று 2015-இல் நடைமுறைக்கு வந்த விதி சொல்கிறது. ஆனால் ஏறும் நேரத்தில் மேலே இடம் இருந்தால்தான். ஆகவே சீக்கிரம் ஏறும் வரிசையில் ஒருவருக்காவது இடம் எடுங்கள். அவரே வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகட்டும்.

பெட்டி உடைந்தால் பேசிச் சமாளிக்கலாம் என்று வெளியே வந்துவிடாதீர்கள். விமான நிலையத்திலேயே முறைகேட்டு அறிக்கை பதிந்து அதன் எண்ணை வாங்குங்கள். 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதத்துக்கு 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். ஒரு பயணிக்கு அதிகபட்ச இழப்பீடு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), சுமார் 2,000 டாலர். நல்ல வாத்தியத்துக்கு அது எந்த மூலைக்கு? வாத்தியக் காப்பீடு தனியாக எடுங்கள், வெளிநாடும் விமானப் பயணமும் அதில் அடங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

டெக்னிக்கல் ரைடர்

மேடையில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று அரங்குக்கு அனுப்பும் தாள்தான் ரைடர். மூன்று தாள் போதும். மேடையில் யார் எங்கே நிற்பார்கள் என்ற படம், மிக்ஸரின் எந்தச் சானலில் எந்த ஒலி என்ற இன்புட் லிஸ்ட், தேவையான பேக்லைன். இன்புட் லிஸ்ட் இப்படி இருக்கட்டும்: 1 கிக், 2 ஸ்னேர் மேல், 3 ஹை-ஹேட், 4 ஓவர்ஹெட் இடது, 5 ஓவர்ஹெட் வலது, 6 பேஸ், டி.ஐ. பாக்ஸ் (வாத்தியத்தை மைக் இல்லாமல் நேராக மிக்ஸரில் இணைக்கும் சிறு பெட்டி), 7 கிடார் ஆம்ப், மைக், 8 கீபோர்டு இடது, 9 கீபோர்டு வலது, இரண்டுக்கும் டி.ஐ., 10 முதன்மைக் குரல். ஒவ்வொன்றுக்கும் என்ன ஸ்டாண்டு, பான்டம் பவர் (மைக்குக்குக் கேபிள் வழியே போகும் மின்சாரம்) வேண்டுமா, யாருடைய மானிட்டரில் (வாசிப்பவரைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கரில்) எது கேட்க வேண்டும் என்பது அதே வரியில். அங்குள்ள ஒலிப் பொறியாளர் பார்த்தே இராத வாத்தியம் உங்களிடம் இருந்தால், எங்கே மைக் வைப்பது என்று அம்புக்குறி போட்ட போட்டோவை இணையுங்கள். இருபக்கம் வாசிக்கும் தோல் வாத்தியத்துக்கு ஒரு மைக் வைத்துவிட்டு “போதுமே” என்பார்கள். இரண்டு சானல் என்று லிஸ்டிலேயே எழுதியிருந்தால் அந்த வாக்குவாதமே வராது. தாளில் தேதியும் பதிப்பு எண்ணும் போடுங்கள். பழைய ரைடரைப் பார்த்து மேடை போட்டுவைப்பது அடிக்கடி நடக்கும்.

அந்த மேடையில் பியானோ இருந்தால் அதன் சுருதியைக் கேளுங்கள். சர்வதேசத் தரம் 440 ஹெர்ட்ஸ்தான் என்றாலும் ஐரோப்பிய அரங்குகள் பலவற்றில் 442-க்குக் கூட்டியிருப்பார்கள். கிடார்க்காரர் திருகிச் சரிசெய்துகொள்வார். நிலையான சுருதி வாத்தியம் வைத்திருப்பவருக்குச் சிக்கல்.

சத்த அளவும் சட்டமாக இருக்கும். பிரான்சில் 15 நிமிடச் சராசரி 102 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று 2017-இல் ஆணை வந்தது. மிக்ஸர் பக்கத்தில் அளவி ஒன்று சிவப்பாக எரியும். ஆம்பைத் திருப்பிவைத்து முழுச் சத்தத்தில் வாசித்துப் பழகியவர்கள் ஊரிலேயே குறைத்து வாசித்துப் பழகிவிட்டுப் போவது நல்லது. நேரக் கட்டுப்பாடும் அப்படித்தான். 11 மணி என்றால் 11 மணி, இன்னொரு பாட்டு என்று கெஞ்சினாலும் மின்சாரம் நின்றுவிடும்.

கச்சேரிக்கு இரண்டு வாரம் முன் அரங்கின் பொறுப்பாளரோடு ஒரு அழைப்பு பேசி எல்லாவற்றையும் வரிசையாகக் கேளுங்கள்: சாமான் இறக்கும் வாசல், லிஃப்ட் உண்டா, சவுண்ட் செக் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அடுத்தடுத்த குழுக்களுக்கு இடையே எத்தனை நிமிடம். பேசி முடித்ததை மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கத் தாளில் நேரம், முகவரி, தொலைபேசி எண் போட்டு எல்லோர் கைபேசியிலும் வைத்துவிடுங்கள். “இப்ப எங்க போறோம்?” என்ற கேள்வி பாதி குறையும்.

வரி

கலைஞர்களுக்கு வரியில் தனி விதி. வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி. வகுத்த மாதிரி வரி உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவு, நிகழ்ச்சி எங்கே நடக்கிறதோ அந்த நாடு கலைஞரின் வருமானத்துக்கு வரி போடலாம் என்கிறது. ஒரே இரவு வாசித்துவிட்டு வந்தாலும் பொருந்தும். சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே ஏற்பாட்டாளர் பிடித்துக்கொள்வார். அமெரிக்காவில் மொத்தத் தொகையில் 30 சதவீதம், ஜப்பானில் 20.42, பிரிட்டனில் 20, ஜெர்மனியில் 15-உம் அதன்மேல் ஒரு சிறு கூடுதல் வரியும். உடன்படிக்கை, வருமான வரம்பு ஆகியவற்றைப் பொறுத்து இது குறையலாம், விலக்கும் கிடைக்கலாம். ஆனால் யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள்.

மொத்தத் தொகையில் 30 சதவீதம் என்பது எவ்வளவு கொடுமை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 டாலர் சம்பளம், விமானமும் வாடகையும் 8,000. லாபம் 2,000, பிடித்தமோ 3,000. இதற்காகத்தான் அமெரிக்க வரித்துறை மத்தியப் பிடித்த ஒப்பந்தம் என்று ஒன்று வைத்திருக்கிறது. செலவுக் கணக்கை முன்பே காட்டினால் எதிர்பார்க்கும் லாபத்துக்கு ஏற்பப் பிடித்தத்தைக் குறைத்துக்கொடுப்பார்கள். விண்ணப்பம் முதல் நிகழ்ச்சிக்கு 45 நாள் முன்பே போக வேண்டும்.

வரி பிடித்தால் அதற்கான சான்றிதழைக் கட்டாயம் வாங்குங்கள். அது இருந்தால் உங்கள் நாட்டு வரியில் கழித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஊர் வந்தபிறகு கேட்டால் ஏற்பாட்டாளர் பதிலே போட மாட்டார் என்று வைத்துக்கொண்டு, கணக்கு முடிக்கும் அன்றைக்கே கேளுங்கள்.

விற்பனைச் சரக்கு

டி-ஷர்ட்டும் இசைத்தட்டும் கார்னேயில் வராது, ஏனென்றால் அவை திரும்பி வரப்போவதில்லை. இறக்குமதி வரி கட்ட வேண்டும். டி-ஷர்ட் என்றால் வடிவமைப்புக் கோப்பை அனுப்பி அந்த ஊரிலேயே அச்சடித்துக்கொள்வது எளிது. அரங்கு விற்பனையில் பங்கு கேட்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

போய் இறங்கிய பிறகு

கச்சேரிக்கு ஒரு நாள் முன்பாவது போய்ச் சேருங்கள், கிழக்கு நோக்கிப் போனால் இரண்டு நாள். நம் உடம்புக் கடிகாரம் 24 மணி நேரத்தை விடக் கொஞ்சம் நீளமானது. அதனால் நாளை நீட்டும் மேற்குப் பயணத்தை விட, நாளைச் சுருக்கும் கிழக்குப் பயணம்தான் படுத்தும். ஒரு நாளுக்கு ஒரு மணி நேரம் அளவுக்குத்தான் உடம்பு நகரும். இறங்கிய பகலில் தூங்காமல் வெளிச்சத்தில் நடந்து, வாடகைக்கு எடுத்த பேக்லைனைப் போய்ப் பார்த்துவிடுங்கள். டிரம் பெடல் ஆடுகிறது என்பது முதல் நாளே தெரிந்தால் மாற்றிக் கொடுப்பார்கள்.

அந்த நாட்டில் உங்கள் பெயரில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அழைப்புகள் என்னென்ன என்பதையும் பாருங்கள். 1966 ஜூலை 4 அன்று மணிலாவில் பீட்டில்ஸ் இரண்டு கச்சேரி வாசித்தார்கள். அதே நாள் அதிபரின் மனைவி இமெல்டா மார்கோஸ் அரண்மனையில் வைத்திருந்த வரவேற்புக்கு அவர்கள் போகவில்லை. மறுநாள் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்பட்டு, கூட்டத்தின் தள்ளுமுள்ளுக்கு நடுவே தாங்களே சாமான் தூக்கிக்கொண்டு விமானம் ஏற வேண்டியதாயிற்று. உங்களுக்கு அரண்மனை அழைப்பு வராது. ஆனால் தூதரகத் தேநீரோ ஸ்பான்சரின் விருந்தோ இருக்கும். நிகழ்ச்சி நிரலை ஒருவர் முழுக்கப் படித்து, முடியாததை முன்பே மரியாதையாகச் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஊர் மொழியில் வணக்கமும் நன்றியும் ஊர்ப்பெயரின் சரியான உச்சரிப்பும் பாடகருக்குத் தெரிந்தால் போதும். ஊர்ப்பெயரை மானிட்டர் மேல் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

கச்சேரி முடிந்த இரவே செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, பட்டியலைக் கையில் வைத்துப் பெட்டி பெட்டியாகச் சரிபார்ப்பது. மேடையிலேயே விட்டுப்போவது பெரும்பாலும் அடாப்டர்களும் டி.ஐ. பாக்ஸும்தான். மற்றது, உண்மையில் வாசித்த பாட்டுப் பட்டியலை, இயற்றியவர் பெயரோடு அரங்கிடம் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்வது. ஜெர்மனியில் கேமா, ஜப்பானில் ஜாஸ்ராக், பிரான்சில் 1851 முதல் இருக்கும் சாசெம் போன்ற உரிமைச் சங்கங்கள் அரங்குகளிடம் கட்டணம் வசூலிக்கின்றன. நீங்கள் உங்கள் நாட்டுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்து, இரண்டு சங்கங்களுக்கும் பரஸ்பர ஒப்பந்தம் இருந்தால், சொந்தப் பாட்டுக்கான பங்கு உங்களுக்கு வரும். வர மாதக்கணக்கில் ஆகும். பட்டியல் போகாவிட்டால் வரவே வராது.

ஊர் திரும்பியதும் கடைசி மஞ்சள் தாளில் முத்திரை வாங்கி, எல்லா அடிக்கட்டையையும் ஒரு முறை ஸ்கேன் செய்துவிட்டு, கார்னேயைக் கொடுத்த சபையிடமே ஒப்படையுங்கள். பிணைத்தொகையை அதற்குப் பிறகுதான் விடுவிப்பார்கள். வரிச் சான்றிதழைக் கணக்காளரிடம் கொடுங்கள். பொதுப் பட்டியலின் கோப்பை அழிக்காதீர்கள், அடுத்த அழைப்புக்கு அதையே திருத்திக்கொள்ளலாம்.